டேப்புக்கும் டிரம்முக்கும் நடுவுல

பாண்டி பஜார்லயோ ரிச்சி ஸ்ட்ரீட்லயோ போனுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? ஷீட்டை மொத்தமா எடுத்து மேல வைக்க மாட்டாங்க. ஒரு ஓரத்தை முதல்ல பதிய வைப்பாங்க. அப்புறம் ஒரு பழைய ஏடிஎம் கார்டை வெச்சு மெதுவா தேய்ச்சுக்கிட்டே வருவாங்க. ஷீட் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், காற்று அதுக்கு முன்னாடி ஓடி வெளிய போயிடும். நாம வீட்ல ஒட்டினா ஏன் குமிழி வருதுன்னா, அந்தக் காற்று ஓடுறதுக்கு நாம நேரம் கொடுக்கிறது இல்லை.

இன்னைக்குப் பேசப்போறது அந்தக் காற்றைப் பத்தித்தான். மெல்லிசா, வளையக்கூடியதா இருக்கிற எதையாவது ஒரு உருளை மேல வேகமா ஓடவிட்டா என்ன ஆகும்? காகிதமா இருக்கலாம், பால் பாக்கெட் பிளாஸ்டிக்கா இருக்கலாம், உங்க அப்பா அம்மா கல்யாண கேசட்டுக்குள்ள இருக்கிற டேப்பா இருக்கலாம். அது உருளையைத் தொட்டுக்கிட்டு ஓடுதுன்னு நாம நினைக்கிறோம். பெரும்பாலும் தொடுறதே இல்லை. நடுவுல ஒரு காற்றுப் படலம் இருக்கு. தலைமுடியை விட மெலிசு. உங்க வீட்டு பீரோவுல இருக்கிற கேசட் இன்னொரு தடவை ஓடுமா ஓடாதாங்கிறது பாதி அந்தப் படலத்தோட கையில இருக்கு. அதனாலதான் இது வெறும் பிசிக்ஸ் எபிசோட் கிடையாது.

முதல்ல அந்தக் காற்று அங்க எப்படிப் போச்சு? காற்றுக்கும் பிசுபிசுப்பு உண்டு. தண்ணீரோட ஒப்பிட்டா சுமார் 50-ல ஒரு பங்குதான், ஆனா பூஜ்யம் இல்லை. எந்தப் பரப்பு நகர்ந்தாலும் அதை ஒட்டியிருக்கிற காற்று அதோட வேகத்துலயே கூட நகரும். உருளை சுத்துது, அதை ஒட்டி ஒரு காற்று அடுக்கு சுத்துது. காகிதம் வருது, அதுவும் தன்னோட அடியில ஒரு அடுக்கைக் கூட்டிட்டு வருது. ரெண்டும் சந்திக்கிற இடம் ஆப்பு மாதிரி குறுகிக்கிட்டே போகுது. உள்ள இழுத்துட்டு வந்த காற்றுக்கு வெளிய போக வழியில்லை, அழுத்தம் ஏறுது, காகிதத்தைத் தூக்கிவிடுது.

இந்த ஆப்பு விஷயம் முதல்ல எண்ணெய்லதான் தெரிய வந்தது. 1883-ல இங்கிலாந்துல பூஷாம்ப் டவர்னு ஒரு என்ஜினியர் ரயில் அச்சு பேரிங்கை வெச்சு சோதனை பண்ணிட்டிருந்தார். பேரிங் மேல எண்ணெய் ஊத்துறதுக்காக ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுத்த ஆரம்பிச்சதும் எண்ணெய் உள்ள போகலை, ஓட்டை வழியா மேல பொங்கி வந்தது. கார்க் வெச்சு அடைச்சார், மரக்கட்டை வெச்சு அடைச்சார், ரெண்டையும் தள்ளிட்டு வந்தது. அவ்வளவு எடையைத் தாங்கிட்டிருந்தது உலோகம் இல்லை, எண்ணெயோட அழுத்தம். 1886-ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதுக்குக் கணக்கு எழுதினார். 1953-ல பிளாக், வான் ராசம்னு ரெண்டு பேர், உருளை மேல இருக்கிறது கெட்டியான உலோகமா இல்லாம வளையுற தகடா இருந்தா என்ன ஆகும்னு எழுதினாங்க. டேப், காகிதம், பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் இன்னைக்கும் அடிப்படை அந்தக் கணக்குதான்.

அந்தக் கணக்கு சொல்றது ரொம்ப நேரடியா இருக்கும். வேகம் கூடினா படலம் தடிமனாகும். இழுத்துப் பிடிக்கிற விசை கூடினா மெலிசாகும். உருளை பெருசா இருந்தா தடிமனாகும். பிரஸ்ல இருக்கிறவங்க அந்த விசையை ‘டென்ஷன்’னுதான் சொல்லுவாங்க, நம்ம டென்ஷன் வேற. ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோலர். ஒரு மீட்டர் அகலக் காகிதத்துல 20 கிலோ தொங்கவிட்ட மாதிரி இழுவை. வேகம் நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், பீச் ரோட்ல நிதானமா பைக் ஓட்டுற வேகம். படலம் சுமார் 16 மைக்ரான் வருது. அதே காகிதம் நொடிக்கு 1 மீட்டர், நடக்கிற வேகத்துல போனா 3 மைக்ரானும் சொச்சமும்தான். ஒரு தலைமுடி சுமாரா 70 மைக்ரான்னு வெச்சுக்கோங்க.

இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் தொழிற்சாலைகள்ல தலைவலி. காகிதத்தோட பரப்புல மேடு பள்ளம் சில மைக்ரான் இருக்கும். படலம் அந்த மேடுகளை விட மெலிசா இருக்கிற வரைக்கும் காகிதம் ரோலரைப் பிடிக்கும், ரோலரும் கூடவே சுத்தும். படலம் மேடுகளைப் போல மூணு மடங்கு ஆச்சுன்னா பிடி விட்டுப்போச்சு. காகிதம் வழுக்கும், பக்கவாட்டுல நகரும், சுருக்கம் விழும், நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காராது. மெதுவா ஓட்டி சோதிச்சுப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கும், முழு வேகத்துல போனாத்தான் பிரச்சினை தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு, பேப்பர் வேன் வெளிய காத்துட்டிருக்கும்போது.

அதுக்கு வைத்தியம் என்னன்னா, ரோலர்ல பள்ளம் வெட்டுறது. காற்று அந்தப் பள்ளம் வழியா வெளிய போயிடும், மீதி இடத்துல காகிதம் பதியும். மழைக்காலத்துல ஓஎம்ஆர்ல போறப்ப உங்க டயர் பண்ற வேலையும் இதேதான், அங்க காற்றுக்குப் பதிலா தண்ணீர். பட்டன் தேய்ஞ்ச டயர் ஏன் வழுக்குதுன்னு யாராவது கேட்டா, ரெனால்ட்ஸ் பேரைச் சொல்லுங்க.

நியூஸ்பிரிண்ட் ஓரளவுக்கு மன்னிக்கும். அது சொரசொரப்பா இருக்கு, நுண்ணிய துளைகள் இருக்கு, கொஞ்சம் காற்று காகிதத்துக்குள்ளயே கசிஞ்சு போயிடும். துணி இன்னும் சுலபம். தி. நகர்ல துணிக்கடைக்காரர் அளந்து உதறிப் போடுற பருத்தித் துணியில ஊடும் பாவும் நடுவுல ஆயிரம் ஜன்னல். பிளாஸ்டிக் ஃபிலிம்தான் கறார். வழவழன்னு இருக்கும், ஒரு துளை கிடையாது. பால் பாக்கெட்டுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் வர்ற ஃபிலிமை ரீலா சுத்தும்போது ஒவ்வொரு சுத்துலயும் காற்று உள்ள மாட்டிக்கும். அடுக்குக்கு அடுக்கு பிடி இருக்காது. அந்த ரீலைச் சாய்ச்சுத் தூக்கினா நடுப்பகுதி தொலைநோக்கி மாதிரி வெளிய நீண்டுடும். அதனால சுத்துற இடத்துல இன்னொரு ரோலரை வெச்சு அழுத்திக்கிட்டே சுத்துவாங்க. பாண்டி பஜார் ஏடிஎம் கார்டு ஞாபகம் வருதா? அதேதான், மெஷின் அளவுல.

பேப்பர் பிரஸ்னு சொன்னதும் ஒரு விஷயம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி ‘தி ஹிந்து’ சென்னையில அச்சாகலை. 1878-ல ஆரம்பிச்ச பத்திரிகை. அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்லைன்னு அப்ப செய்தி வந்தது. அச்சகம் மறைமலை நகர்ல இருக்கு, வெள்ளத்துல ஊழியர்கள் அங்க போய்ச் சேர முடியலை. மெஷின் இருந்தது, காகிதம் இருந்தது, ஓட்டுறதுக்கு ஆள் வர வழியில்லை.

அதே வாரம் அடையாறு ஓரமா, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைன்னு எத்தனை வீட்ல தண்ணி ஏறிச்சுன்னு இதைக் கேட்குற பலருக்கும் நேர்லயே தெரியும். அந்த வீடுகள்ல பீரோவோட கீழ் தட்டுல என்ன இருந்தது? பட்டுப்புடவை, பத்திரம், அப்புறம் கல்யாண ஆல்பம், வீடியோ கேசட். ஆல்பம் நனைஞ்சா கண்ணுக்குத் தெரியும். கேசட் அப்படி இல்லை. வெளிய துடைச்சா புதுசு மாதிரி இருக்கும்.

இப்ப அந்த கேசட்டுக்குள்ள போவோம்.

விஎச்எஸ் 1976-ல ஜப்பான்ல ஜேவிசி கொண்டு வந்தது. நம்ம ஊர்ல பிளேயருக்கு ‘டெக்’னு பேர், வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பார்த்த கதையை உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க. கேசட்டைப் போட்டதும் டெக் ஒரு வளையம் மாதிரி டேப்பை வெளிய இழுத்து, சாய்ஞ்சு நிற்கிற ஒரு டிரம் மேல பாதி வட்டத்துக்கும் கொஞ்சம் கூடுதலாச் சுத்தும். டிரம் 62 மில்லிமீட்டர் விட்டம். கீழ்ப்பாதி அசையாது, மேல்பாதி நிமிஷத்துக்கு 1,500 தடவை சுத்தும். டேப்போ ரொம்ப சோம்பேறி, நொடிக்கு 23 மில்லிமீட்டர்தான் நகரும். டிரம்மோட விளிம்பு நொடிக்கு 4.87 மீட்டர். அதாவது டேப் கிட்டத்தட்ட நின்னுட்டிருக்கு, அதுக்கு அடியில உலோகம் 200 மடங்கு வேகத்துல ஓடுது.

டேப்போட தடிமன் சுமார் 20 மைக்ரான். அந்த வேகத்துல உலோகம் நேரடியாத் தேய்ச்சா எத்தனை நாள் தாங்கும்? தாங்காது. காப்பாத்துறது டிரம் தானே இழுத்துட்டு வர்ற காற்றுதான். ஒரு சில மைக்ரான் மெத்தை. நீங்க பாஸ் பட்டனை அழுத்தினா டேப் சுத்தமா நின்னுடும், டிரம் மட்டும் சுத்தும், ஆனாலும் டேப் கிழியாது. காற்றை இழுக்கிறது டிரம்தானே, டேப் நின்னாலும் மெத்தை இருக்கும். ஆனா ஹெட் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப உரசும், அதுக்காகத்தான் பாஸ்ல ஒரு சில நிமிஷம் விட்டா டெக் தானா நின்னுடும்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். டிரம் டேப்பைத் தொடக்கூடாது. ஆனா டிரம்ல பொருத்தியிருக்கிற ஹெட் தொட்டே ஆகணும். விஎச்எஸ்ல படத்தோட நுணுக்கமான பகுதி டேப்புல சுமார் 1 மைக்ரான் அலைநீளத்துல பதிஞ்சிருக்கு. 1951-ல வாலஸ்னு ஒருத்தர் கணக்கு சொன்னார்: ஹெட் டேப்பை விட்டு ஒரு அலைநீளம் விலகினா சிக்னல் 55 டெசிபல் குறையும். 500-ல ஒரு பங்கு. அதாவது ஒரே ஒரு மைக்ரான் தள்ளி நின்னா அந்த நுணுக்கம் எல்லாம் காலி. டிரம் மிதக்கணும், ஹெட் ஒட்டணும். அதனால ஹெட்டை டிரம்மோட பரப்புல இருந்து ஒரு இம்மி வெளிய நீட்டி வெச்சாங்க. காற்று மெத்தையைத் துளைச்சுக்கிட்டு ஹெட் மட்டும் டேப்பை லேசா முட்டிக்கிட்டே போகும். மெத்தை ரொம்பத் தடிமனாயிடக் கூடாதுன்னு டிரம்முல மெல்லிய பள்ளங்கள் வெட்டியிருப்பாங்க. பிரஸ் ரோலர்ல இருக்கிற அதே பள்ளம். அங்க காற்றை வெளியேத்தணும், இங்க வேணுங்கிற அளவுக்கு மட்டும் வெச்சுக்கணும்.

இப்ப இதை எடுத்துட்டு வந்து மயிலாப்பூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல வைங்க. பழைய வீடியோகிராபர்களைக் கேட்டுப் பாருங்க, ‘டியூ’னு ஒரு எச்சரிக்கை வ்யூஃபைண்டர்ல வந்து வயித்தைக் கலக்கினதைச் சொல்லுவாங்க. கேமரா ராத்திரி முழுக்க ஏசி ரூம்ல 22 டிகிரில இருந்திருக்கும். காலையில முகூர்த்தத்துக்கு வெளிய எடுத்தா வெளிய 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றுல 27 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்தப் பொருள் மேலயும் தண்ணி பூக்கும். டிரம் உலோகம், பளபளன்னு மெருகு போட்டது. அது மேல கண்ணுக்கே தெரியாத பனி. டேப் அதைத் தொட்டதும், ஈரக் கண்ணாடியில பிளாஸ்டிக் கவர் ஒட்டுற மாதிரி ஒட்டிக்கும். டிரம் சுத்தும், டேப் கூடவே சுத்திக்கும். அதனாலதான் கேமரா ஓட மறுக்கும். மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்தாச்சு, நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயார், கேமரா மட்டும் ‘டியூ’ன்னு சொல்லிட்டு நிற்கும். அனுபவம் உள்ளவங்க முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கேமராவைப் பையோட வெளிய வெச்சுடுவாங்க. பின்னாடி வந்த மினி டிவி கேமராவுல நிலைமை இன்னும் நுணுக்கம். டேப் 7 மைக்ரான்தான், டிரம் நிமிஷத்துக்கு 9,000 சுத்து.

எங்க வீட்லயும் ஒரு கேசட் இருக்கு. 1992, சித்தி கல்யாணம், மயிலாப்பூர். அதுல தாத்தா இருக்கார். அவர் 94-ல போயிட்டார். அவர் நடக்கிற, பேசுற படம் எங்ககிட்ட வேற எதுவும் கிடையாது. கோட்டூர்புரம் வீட்ல அந்த வெள்ளத்தப்ப தண்ணி கீழ் தட்டு வரைக்கும் வந்துச்சு, கேசட் இருந்தது மேல் தட்டு. நனையலை. ஆனா ஒரு வாரம் கரண்ட் இல்லை, சுவர் காய்றதுக்கு மாசக்கணக்காச்சு.

நாலு வருஷம் கழிச்சு தி. நகர்ல டிஜிட்டல் பண்ணித் தர்ற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனோம். அவர் வாங்கினதும் டெக்குல போடலை. பக்கத்துல இருக்கிற பொத்தானை அமுக்கி, மூடியைத் தூக்கி, டார்ச் அடிச்சுக் காட்டினார். டேப் சுருளோட விளிம்புல வெள்ளையா, கோலமாவு தூவின மாதிரி. பூஞ்சை. “இதை இப்படியே ஓட்டினா ஹெட் அடைச்சுக்கும் தம்பி. அதுக்கும் மேல, டேப் டிரம்மைக் கவ்விடும். அப்புறம் நான் கத்தரிக்கோல்தான் எடுக்கணும்” அப்படின்னார்.

காற்று மெத்தை சில மைக்ரான். பூஞ்சைத் துணுக்கு அதைவிடப் பல மடங்கு பெருசு. அதோட, டேப்புல காந்தத் துகளைப் பிடிச்சு வெச்சிருக்கிற பசை ஈரத்தை உறிஞ்சி வருஷக்கணக்குல இளகிப் பிசுபிசுன்னு ஆகும். பரப்பு வழவழப்பா, காய்ஞ்சு இருந்தாத்தான் காற்று மேல மிதக்கும். ஒரு இடத்துல ஒட்டினாலும் போதும், இழுவை எகிறும், மெத்தை நசுங்கும், அடுத்த இடமும் ஒட்டும். டெக் கேசட்டைச் ‘சாப்பிட்டுடுச்சு’ன்னு சொல்லுவோமே, பல தடவை அது இதுதான்.

அவர் அஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டி, டேப்பை வேற கூட்டுக்கு மாத்தினார். முகத்துல மாஸ்க், ஜன்னல் திறந்து. சிலிக்கா ஜெல்லோட ஒரு டப்பாவுல பத்து நாள். அப்புறம் நூல் விடாத துணி வழியா மெதுவா, ரொம்ப மெதுவா, ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் சுத்தினார். ரீவைண்ட் மோட்டார்ல ஏன் விடலைன்னு கேட்டேன். வேகமா சுத்தினா அடுக்குக்கு நடுவுல காற்று மாட்டும், டேப் ஏறுக்கு மாறா உட்காரும், விளிம்பு மடங்கும், விளிம்புலதான் சவுண்டும் கண்ட்ரோல் ட்ராக்கும் இருக்குன்னார். பால் பாக்கெட் ஃபிலிம் கதைதான். ரேடியோவுலயும் ஆவணக் காப்பகங்கள்லயும் பெரிய ஸ்பூல் டேப்பை ஃபாஸ்ட் வைண்ட் பண்ணி அடுக்க மாட்டாங்க, ஓடுற வேகத்துலயே ஓடவிட்டு முடிஞ்ச நிலையில அப்படியே எடுத்து வைப்பாங்க. காரணம் இதுவும் ஒண்ணு.

“முதல் ஓட்டத்துலயே எடுத்துடணும். ரெண்டாவது ஓட்டத்தை நம்ப முடியாது”ன்னு சொல்லிட்டு, கம்ப்யூட்டர்ல ரெக்கார்டிங்கை முதல்ல ஆன் பண்ணிட்டு அப்புறம்தான் ப்ளே அழுத்தினார். மூணு மணி நேர கேசட்ல முதல் பன்னிரண்டு நிமிஷம் வெறும் கோடு. நலங்கு போச்சு. ஊஞ்சல் பாதி கிடைச்சது. தாத்தா ரெண்டு இடத்துல வர்றார். ஒண்ணு, மாலை மாத்துறப்ப பின்னாடி நிற்கிறார். இன்னொண்ணு பந்தியில. கேமரா லைட் கண்ணுல அடிக்குது, கையால மறைச்சுக்கிட்டு, “அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புப்பா” அப்படிங்கிறார். பதினோரு செகண்ட். அம்மா அதை ஒரு பத்து தடவையாவது போட்டுப் பார்த்திருப்பாங்க, அன்னைக்கு மட்டும்.

உங்க வீட்லயும் கேசட் இருந்தா, நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆசையா எடுத்து முதல்ல டெக்குல போடாதீங்க. மூடியைத் தூக்கிப் பாருங்க, வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா நிறுத்திடுங்க. ஏசி ரூம்ல இருந்து எடுத்தா அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடுங்க, கவரைப் பிரிக்காம. நனைஞ்ச கேசட்டுக்கு ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் ரெண்டும் வேண்டாம். சேத்துத் தண்ணியில நனைஞ்சிருந்தா சேறு காய்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கணும். அவங்க சுத்தமான தண்ணியில அலசித்தான் காய வைப்பாங்க. கொடுக்கிறப்ப ஒரு கேள்வி கேளுங்க: “ஓட்டுறதுக்கு முன்னாடி திறந்து பார்ப்பீங்களா?” பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சுடும்.

தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் டெக். உலகத்துல கடைசியா விஎச்எஸ் பிளேயர் தயாரிச்சிட்டிருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாய் 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. உலகம் முழுக்க இருக்கிற காந்த டேப்புகளைக் காப்பாத்த 2025 வரைக்கும்தான் சுலபமான வாய்ப்புன்னு காப்பகத் துறையில ரொம்ப நாளாவே சொல்லிட்டிருந்தாங்க, யுனெஸ்கோவும் சேர்ந்து அதுக்கு ஒரு எச்சரிக்கைத் திட்டமே நடத்துச்சு. டேப் நல்லா இருந்தாலும் அந்தப் பள்ளம் வெட்டின டிரம்மை இனி யாரும் புதுசா செய்யப்போறது இல்லை. இருக்கிறது தேயத் தேய, பழுதான ஒரு டெக்குல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டித்தான் ஓட்டிட்டிருக்காங்க. அந்த அண்ணன் கடையில பரண் மேல பதினாலு டெக் இருந்தது. ஓடுறது மூணு.